சொல்லக் கற்பித்தல்: தொடக்கப்பள்ளி நலக்கல்வியும் தாய்மொழியும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு நலக்கல்வியில் என்ன வேலை என்னும் ஐயம் இவ்வவையில் சிலருக்கு எழக்கூடும். நலக்கல்வி என்றவுடன் பல் துலக்குதலும், கை கழுவுதலும், சத்துணவுப் படமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை மருத்துவர்க்கும் உடற்கல்வி ஆசிரியர்க்கும் உரியவை என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றிய இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

முதலாவது, இங்குள்ள எல்லாரும் அறிந்த காட்சி. தைப்பூச நாளில் தண்ணீர்மலை அடிவாரத்தில் மக்கள் வெள்ளம் நெருக்கும். பெற்றோரைத் தவறவிட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு தண்ணீர்ப் பந்தலில் அமர்த்தியிருந்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்த இளைஞர், “உன் அப்பா பெயர் என்னம்மா?” என்று கேட்டார். சிறுமி, “அப்பா” என்றாள். “அம்மா பெயர்?” “அம்மா.” சுற்றியிருந்தோர் சிரித்தனர், சிறுமி மேலும் அழுதாள். பெற்றோர் பெயரைப் பிள்ளைகள் சொல்லலாகாது என்பது நம் மரபு. அம்மரபு மரியாதைக்காக ஏற்பட்டது. ஆனால் அன்று, அந்தப் பந்தலில், அது குழந்தையின் வாயை அடைத்துவிட்டது. பெற்றோர் தேடிவந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சியில் யாரும் சிரிக்கவில்லை. நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில், ஐந்தாம் ஆண்டில் படித்த சிறுவன் ஓர் இரவு, “வயிறு வலிக்கிறது” என்று அழுதான். தாய் ஓமநீர் கொடுத்தார். பாட்டி விளக்கெண்ணெய் தடவினார். மறுநாள் மாலைதான் மருத்துவரிடம் கொண்டுசென்றனர். வலி வயிற்றில் இல்லை, விதையில். விதை முறுக்கிக்கொண்டால் அதற்குச் செல்லும் குருதியோட்டம் தடைபடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தச் சிறுவனுக்கு அந்நேரம் கடந்துவிட்டது. ஒரு விதையை அகற்றவேண்டியதாயிற்று. பின்னர் தாய் அவனிடம், “அங்கே வலிக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்று அழுதபோது, அவன் சொன்ன விடை நம் காதில் இன்னும் இருக்கிறது: “அதை எப்படிம்மா சொல்றது?”

அந்த வினா மொழியியலாளர் செவியில் விழவேண்டிய வினா. வலி இருந்தது, அன்புள்ள தாய் அருகில் இருந்தார், மருத்துவமும் எட்டும் தொலைவில் இருந்தது. இவற்றை இணைத்திருக்க வேண்டிய சொல் மட்டும் இல்லை. தொடக்கப்பள்ளி நலக்கல்வியின் முதற்பணி சொற்களைத் தருவதே என்பதும், அப்பணியைத் தமிழ்க் குழந்தைக்குத் தாய்மொழியில் செய்யும் வாய்ப்பு நம் தமிழ்ப்பள்ளிகளுக்கே உண்டு என்பதும் இவ்வுரையின் கருத்து.

பாடம் இருக்கிறது

மலேசியக் கல்வியமைச்சு, குடும்ப நலமும் இனப்பெருக்க நலமும் சார்ந்த செய்திகளை 1989 இல் இடைநிலைப்பள்ளிகளிலும் 1994 இல் தொடக்கப்பள்ளிகளிலும் சேர்த்தது. 2011 இல் தொடங்கிய தொடக்கப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டத்திலும், 2017 முதல் நடைமுறைக்கு வந்த அதன் சீரமைப்பிலும் நலக்கல்வி தனக்கென ஓர் இடம் பெற்றது. இனப்பெருக்க நலமும் சமூக நலமும், உணவுமுறை, முதலுதவி என அதன் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. உடல் வளர்ச்சி, தூய்மை, உணர்வுகளைக் கையாளுதல், குடும்ப உறவு, நோய்த் தடுப்பு, தன்னைக் காத்துக்கொள்ளுதல், தீயனவற்றை மறுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். தமிழ்ப்பள்ளியில் இப்பாடம் தமிழில் நடைபெறுகிறது. இங்கிலாந்தில் உறவுநிலைக் கல்வி எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் கட்டாயமானது 2020 செப்டம்பரில்தான் என்பதை எண்ணினால், ஏட்டளவில் நாம் பின்தங்கியவர் அல்லர் எனலாம்.

ஆனால் ஏட்டிற்கும் வகுப்பறைக்கும் இடையே தொலைவு உண்டு. நலக்கல்விக்கு ஒதுக்கப்பட்டது வாரத்திற்கு அரை மணி நேரம். ஆண்டுக்கு 16 மணி நேரம். ஆறு ஆண்டுகளுக்கும் கூட்டினால் 96 மணி நேரம். நான்கு பகலும் நான்கு இரவும் சேர்ந்த பொழுது அது. அதிலும் எத்தனை அரை மணிகள் கணிதத்திற்கும் விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கும் போய்விடுகின்றன என்பதை இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். முன்னர் யூபிஎஸ்ஆர் தேர்வைக் காரணம் காட்டினோம். 2021 இல் அத்தேர்வு அகற்றப்பட்டது; அந்தக் காரணமும் அதனோடு அகன்றது. எஞ்சியிருப்பது நம் கூச்சம் ஒன்றே. ‘இப்பக்கத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் சொன்ன வகுப்பில் நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். பெற்றோரோ பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்றிருக்கின்றனர். இருவருக்கும் இடையில் அந்தப் பக்கம் படிக்கப்படாமலே போகிறது.

உடலின் பெயர்கள்

கூச்சத்திற்கு நாம் பண்பாட்டைச் சான்று காட்டுகிறோம். ஆகவே நம் இலக்கணம் இதுபற்றி என்ன கருதுகிறது என்பதைப் பார்த்தல் தகும். அவையில் சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் அவையல் கிளவி என்கிறது. அதை மறைத்துச் சொல்ல வழிகாட்டுகிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. மலம் கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்பது இடக்கரடக்கல்.

இங்கே இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். ஒன்று, இலக்கணம் மறைக்கச் சொல்வது அவையில். மருத்துவர் அறை அவையன்று. தாயின் மடி அவையன்று. நலக்கல்வி வகுப்பும் அப்பொருளில் அவையன்று. மற்றொன்று இன்னும் முதன்மையானது. மறைத்துச் சொல்வதற்கு, மறைக்கப்படும் சொல் முதலில் தெரிந்திருக்கவேண்டும். நம் முன்னோர்க்கு நேர்ச்சொல்லும் தெரியும், அதை எங்கே மறைப்பது என்பதும் தெரியும். சித்த மருத்துவ ஏடுகள் உடலின் எல்லா உறுப்புகளையும் பெயர் சொல்லியே பேசுகின்றன. நாமோ குழந்தைக்கு மறைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, மறைக்கப்படுவதைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

இந்நாளில் நம் வீடுகளில் வழங்குவது என்ன? ‘அங்கே’, ‘கீழே’, ‘அது’ என்னும் சுட்டுச்சொற்கள். அல்லது வீட்டுக்கு வீடு வேறுபடும் செல்லப்பெயர்கள். அல்லது, ‘சேம் சேம்’. கடைசியாகச் சொன்னதைச் சற்று எண்ணிப்பாருங்கள். குழந்தை தன் உடலில் ஓர் உறுப்புக்கு முதன்முதலாகக் கற்கும் பெயரே ‘வெட்கம்’ என்று பொருள்படுகிறது. அந்த உறுப்புக்குத் துன்பம் நேர்ந்தால் அக்குழந்தை முதலில் உணர்வது வலியையா, வெட்கத்தையா?

தமிழில் ஆண்குறி, பெண்குறி, விதை, பிட்டம், மார்பு, கருப்பை என்னும் பெயர்கள் உள்ளன. குறி என்பது அடையாளம். அதில் இழிவும் இல்லை, விரசமும் இல்லை. விதை, கரு, பை ஆகிய சொற்களைக் குழந்தை அறிவியல் பாடத்திலும் அன்றாடப் பேச்சிலும் முன்னரே கேட்டிருக்கிறது. இச்சொற்களைக் கற்பிக்கச் சிறப்பான உத்தி எதுவும் வேண்டியதில்லை. முழங்கை, கணுக்கால், தொப்புள் என்று சொல்லிவரும் அதே குரலில், அதே விரைவில், அடுத்த சொல்லாக இதையும் சொல்லவேண்டும். ஆசிரியர் குரல் தாழ்ந்தால் வகுப்பு சிரிக்கும். குரல் மாறாதிருந்தால் ஒரு நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிடும். பல வகுப்புகளில் இதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

பூப்புப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறவேண்டும். ஐந்தாம், ஆறாம் ஆண்டிலேயே, சிலர் அதற்கும் முன்னரே, பூப்பெய்துகின்றனர். ஒரே நிகழ்வைக் குறிக்க நம்மிடம் ‘மாதவிடாய்’ என்ற சொல்லும் உண்டு. ‘தீட்டு’ என்ற சொல்லும் உண்டு. முன்னது உடலின் இயல்பைச் சொல்கிறது. பின்னது உடலின் மேல் ஒரு குற்றத்தைச் சுமத்துகிறது. பத்து வயதுப் பெண்பிள்ளைக்குப் பள்ளிக் கழிப்பறையில் முதன்முதலாகக் குருதி தென்படும்போது, அவள் மனத்தில் இவ்விரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவள் ஆசிரியையிடம் வருவதும் அழுதுகொண்டு ஒளிவதும் அமையும். ஆண்பிள்ளைகளும் அதே வகுப்பில் அதே சொல்லைக் கற்றிருந்தால், கறை பட்ட பாவாடையைக் கண்டு கேலி செய்யமாட்டார்கள்.

உணர்வின் பெயர்கள்

உடலுக்கு அடுத்தது உள்ளம். ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலர் ‘நல்லா இருக்கேன்’ என்றோ ‘போர் அடிக்குது’ என்றோ நிறுத்திக்கொள்கின்றனர். சினமும் துயரமும் பொறாமையும் அச்சமும் எல்லாம் ‘பிடிக்கல’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் சிரிப்பையும் அழுகையையும், வியப்பையும் அருவருப்பையும், சினத்தையும் அச்சத்தையும், பெருமிதத்தையும் மகிழ்ச்சியையும் எட்டு மெய்ப்பாடுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களையும் தந்திருக்கிறது. உணர்வுகளுக்கு உரிய இடத்தைத் தொடக்கநிலை வகுப்புக்குத் தருவதற்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான வாய்பாடு நமக்கு வேண்டுவதில்லை.

அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு: வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தமக்கு மேலான அதிகாரம் உடையவர். முதல் மூன்றும் வெளியிலிருந்து வருபவை. நான்காமவர் நம்மோடு இருப்பவர். நாம் வணங்கக் கற்பிக்கப்பட்டவர். நாம் பிள்ளைகளை எச்சரிப்பதெல்லாம் முதல் மூன்றைப் பற்றியே. பூச்சாண்டி வருவான், நாய் கடிக்கும், முன்பின் தெரியாதவன் பிடித்துக்கொண்டு போவான் என்கிறோம். நான்காவதைப் பற்றி ஒருசொல்லும் சொல்வதில்லை. ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கிழைப்போர் பெரும்பாலும் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள். குழந்தை நம்பும் உறவினராகவும், அண்டை வீட்டாராகவும், அன்றாடம் அழைத்துச் செல்பவராகவும், கற்பிப்பவராகவும் அவர்கள் இருக்கக்கூடும். ‘அந்நியரோடு பேசாதே’ என்னும் அறிவுரை அங்கே பயன்படாது. நம் ஊரில் கடைக்காரரும் அங்கிள், வேன் ஓட்டுநரும் அங்கிள், அடுத்த வீட்டவரும் மாமா. எல்லாரையும் முறை வைத்து அழைக்கும் குழந்தைக்கு அந்நியர் என்பவர் யார்?

இன்னொன்றையும் நாமே செய்துவிடுகிறோம். அடம் பிடிக்கும் குழந்தையிடம், ‘மாத்தா வந்து பிடிச்சிக்கிட்டுப் போயிரும்’ என்கிறோம். தீங்கு நேர்ந்தால் எவரிடம் ஓடவேண்டுமோ அந்தக் காவலரையே பூச்சாண்டி வரிசையில் நிறுத்திவிடுகிறோம். இச்சொல்லை இன்றோடு நிறுத்திவிட்டால் அதுவே ஒரு நலக்கல்விப் பாடமாகும்.

மறுக்கும் சொல்

மறுப்பைக் குறிக்கத் தமிழில் பல வடிவங்கள் உண்டு. வேண்டாம் என்பது விருப்பமின்மை. முடியாது என்பது இயலாமை. கூடாது என்பது விதி. மாட்டேன் என்பது உறுதி. இவற்றுள் அது ஒன்றே ‘நான்’ என்பதைத் தன் விகுதியில் கொண்டது. நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லத் தடுக்கப்பட்டிருப்பதும் அந்தச் சொல்தான். விருந்தினரை முத்தமிட மறுக்கும் குழந்தையை ‘மரியாதை தெரியாதவள்’ என்கிறோம். வேண்டா வெறுப்பாக அவள் முத்தமிட்டபின் ‘நல்ல பிள்ளை’ என்கிறோம். தன் உடலைப் பற்றிய தன் முடிவுக்கு மதிப்பில்லை என்னும் பாடத்தை அவள் அங்கே கற்றுக்கொள்கிறாள்.

மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ் அதற்கும் வழி வைத்திருக்கிறது. ‘விடுங்க!’ என்னும் ஒரு சொல்லில் உயர்வு விகுதியும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. ‘வேண்டாம் மாமா’, ‘தொடக் கூடாது அங்கிள்’, ‘நான் வரமாட்டேன்’ என்பனவற்றை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கவேண்டும். முதலில் மெல்ல, பிறகு உரக்க, பிறகு எழுந்து நடந்துகொண்டே.

இங்கே இரட்டை வழக்கை மறந்துவிடலாகாது. தமிழுக்கு எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு ஒன்று. பாடநூல் எழுத்து வழக்கில் இருக்கிறது. தீங்கும் அழுகையும் உதவி கேட்டலும் பேச்சு வழக்கில் நிகழ்கின்றன. ‘என்னைத் தொடாதீர்கள்’ என்று தேர்வுத்தாளில் எழுதத் தெரிந்த குழந்தைக்குத் ‘தொடாதீங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது போகலாம். ஆகவே நடித்துக் காட்டும் பயிற்சிகளில் பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். இலக்கணப் பிழை பார்க்கும் நேரம் அதுவன்று.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்னும் தொடர் பற்றியும் ஒரு கருத்துண்டு. தமிழில் ‘கெட்ட’ என்பது ஒட்டிக்கொள்ளும் சொல். கெட்ட பழம் என்றால் பழமே கெட்டது. கெட்ட தொடுதலுக்கு ஆளான குழந்தை, தானும் கெட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ள நம் வழக்காறு இடம் தருகிறது. பழைய செய்தித்தாள்கள் ‘கற்பழிப்பு’ என்று எழுதியபோது, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, இழந்தவள் மேல் சொல்லைச் சுமத்தின. இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் சொல் அந்தச் சுமையை உரியவன் மேல் இறக்கிவைத்திருக்கிறது. அதுபோல் ‘பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்’ என்பதே வகுப்பறைக்கு ஏற்றது. அது குழந்தையின் மேல் எந்தக் கறையையும் வைப்பதில்லை.

‘நமக்குள் இருக்கட்டும்’

இவ்வுரை முழுதும் ‘நாம்’ என்றே பேசிவருகிறோம். கேட்போரையும் உளப்படுத்தும் அச்சொல் தமிழின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. ‘நாங்கள்’ என்பதிலிருந்து அதை வேறுபடுத்தும் நுட்பம் மலாயிலும் உண்டு. அங்கே கீத்தா, காமி என்பர். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை.

குழந்தைக்குத் தீங்கு செய்பவனும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறான். ‘இது நமக்குள் இருக்கட்டும்.’ அச்சுறுத்தும் சொல்லைவிட வலியது இது. இது குழந்தையைக் குற்றத்தின் பங்காளியாக்கிவிடுகிறது. வெளியில் சொன்னால் தன்னையே காட்டிக்கொடுத்ததாகும் என்று குழந்தை அஞ்சுகிறது. ஆகவே இரண்டு வகையான இரகசியங்கள் உண்டு என்று கற்பிக்கவேண்டும். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது ஒன்று. அது ஒருநாள் வெளிப்படும், வெளிப்பட்டால் எல்லாரும் மகிழ்வர். என்றும் சொல்லக்கூடாது என்பதும், நினைத்தால் வயிற்றைப் பிசைவதும் மற்றொன்று. இரண்டாவதைச் சுமந்துகொண்டிருக்க எந்தக் குழந்தையும் கடமைப்பட்டதன்று. தொடுதல் பற்றிய இரகசியம் என்று ஒன்று இல்லவே இல்லை. இதை ஒவ்வோராண்டும் சொல்லவேண்டும். முதலில் சொன்னவர் நம்பவில்லையானால் அடுத்தவரிடம் சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கேட்கக் கற்றல்

சொல்லக் கற்பித்தால் மட்டும் போதாது, கேட்பவரும் கற்கவேண்டும். 2017 ஆம் ஆண்டில் மலேசியாவில் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது சட்டம் 792, நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதிற்குக் குறைந்த எல்லாரையும் அது காக்கிறது. அதன்படி, வேறு சான்று துணையில்லாமல் குழந்தையின் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டும் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்யலாம். அக்குற்றம் நடந்தது என்றோ நடக்கவிருக்கிறது என்றோ அறிந்தவர் அருகிலுள்ள காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கத் தவறினால், 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஒரு குழந்தையின் சொல்லுக்குச் சட்டம் இத்துணை மதிப்பு வைத்துவிட்டது. அந்தச் சொல் முதன்முதலாக விழும் செவி, பெரும்பாலும், தாயுடையதாகவோ ஆசிரியருடையதாகவோ இருக்கும்.

அப்போது எப்படிக் கேட்பது? தமிழில் வினா இருவகை. ‘மாமா தொட்டாரா?’ என்பது ஆகார ஈற்று வினா. விடையை நாமே குழந்தையின் வாயில் வைத்துவிடுகிறோம். ‘என்ன நடந்தது?’, ‘அப்புறம்?’ என்பன குழந்தையின் விடையைக் குழந்தைக்கே விட்டுவைக்கும் வினாக்கள். இரண்டாம் வகையே வேண்டும். ‘ஏன்’ என்று தொடங்கும் வினாவை அறவே விலக்குங்கள். ‘ஏன் அங்கே போனாய்?’, ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்பன தமிழில் வினாக்களல்ல, குற்றச்சாட்டுகள்.

பேச்சுத் தமிழின் இன்னோர் இயல்பையும் நினைவிற் கொள்ளவேண்டும். ‘அவங்க செஞ்சாங்க’ என்று குழந்தை சொன்னால், ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்பது அத்தொடரில் இல்லை. உயர்வும் பன்மையும் அங்கே ஒரே விகுதியில் கலந்துவிட்டன. நாமாக ஒருவரை ஊகித்துக்கொண்டு பெயரைச் சொல்லிவிடலாகாது. ‘அவங்கன்னா யாரும்மா?’ என்ற ஒரு வினா போதும்.

பிறகு, ‘நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை’ என்று கூறுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காக்க முடியாத வாக்கு அது. ஒரே கதையைத் தலைமையாசிரியர் முன்னும், ஆலோசக ஆசிரியர் முன்னும், மற்றவர் முன்னும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். குழந்தை சொன்ன சொல்லை, அது கொச்சையாக இருந்தாலும், அப்படியே எழுதிவையுங்கள். உரிய இடத்திற்குத் தெரிவியுங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. இவ்வெண் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும். பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லட்டும்.

பெற்றோர்க்கு ஒரு விடை

‘இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை பிஞ்சிலே பழுத்துவிடும்’ என்று பெற்றோர் கூறுகின்றனர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. அதன் அடியில் அன்பே இருக்கிறது. ஆயினும் ஒன்றைக் கேட்போம். அந்தப் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறதா? இருக்கிறதென்றால், உடலைப் பற்றிய சொற்கள் அதன் வழியே முன்னரே வந்து சேர்ந்திருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை இழிசொற்கள். அச்சொற்கள் வருவதற்கு முன்னால் நல்ல சொல் வந்து அமர்ந்திருக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஆசிரியர்க்கும் சில நடைமுறைகள் சொல்வோம். பருவத் தொடக்கத்திலேயே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பாடப் பகுதிகளைக் காட்டி, கற்பிக்கவிருக்கும் சொற்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அறிவிக்கப்படாத பாடமே ஐயத்தை எழுப்புகிறது. பெயரெழுதாமல் வினா எழுதிப் போட வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். பெண்பிள்ளைகளிடம் பேச ஆண் ஆசிரியர் தயங்கினால், ஆசிரியை ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள், பாடத்தை விட்டுவிடாதீர்கள். முதலாம் ஆண்டிலேயே பெற்றோரின் முழுப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் சொல்லப் பழக்குங்கள். அடுத்த தைப்பூசத்திற்கு அதுவே போதிய பாதுகாப்பு.

நிறைவாக

1816 ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃபிரீ பள்ளியின் ஒரு பிரிவில் தமிழ் கற்பிக்கப்பட்டதை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016 இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இந்த இருநூறாண்டுகளில் தமிழ்ப்பள்ளி எதற்கு என்று பலர் கேட்டனர். இலக்கியத்திற்கு, பண்பாட்டிற்கு, அடையாளத்திற்கு என்று நாம் விடை கூறினோம். அவ்விடைகள் மெய்யானவை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்ப்போம். இருட்டில் விழித்தெழுந்த குழந்தைக்குத் தன் வலியைச் சொல்ல வேற்றுமொழி வாய்க்கு வராது. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வேறு மொழியில் கேட்கப்படும் முன்னால், தன் மொழியில் கேட்கும் ஒருவர் அதற்கு வேண்டும். நம் பள்ளிகளில் அவர் தமிழாசிரியர்.

தமிழில் ‘சொல்’ என்பது பெயராகவும் வரும், ஏவலாகவும் வரும். இவ்விரண்டையும் நாம் ஒன்றன்பின் ஒன்றாகவே குழந்தைக்குத் தரவேண்டும். முதலில் சொல்லைக் கொடுப்போம். பிறகு ‘சொல்’ என்போம். அது சொல்லும்போது, கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம்.

அடுத்த வாரம் உங்கள் கால அட்டவணையில் நலக்கல்விக்கென ஓர் அரை மணி நேரம் இருக்கிறது. அதை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.